துறைமுகத்து மரியாவும் உன் அம்மாவும்

நெவெஸ், சாவோ கொன்சாலோ
7 ஆகஸ்ட் 1994

அன்பு மகள் சுவேலிக்கு,

அப்பா எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, அதுவும் அறுபத்தாறு வயசுக்கு வரவேண்டிய வலிதான் என்று டாக்டரே சொல்லிவிட்டதால் அதைக் கணக்கில் சேர்க்காதே. கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் உடம்பும் மனசும் ஒத்துப்போய் நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். உன் கடிதம் போன மாதம் பதினெட்டாம் தேதி வந்தது, நாம் கால்பந்து உலகக் கோப்பையை ஜெயித்த மறுநாள், தபால்காரருக்கு இருந்த குஷியில் அதைப் பக்கத்து வீட்டு வால்திரிடம் போட்டுவிட்டுப் போய்விட்டார். தெருவுக்கு அடித்த பச்சையும் மஞ்சளும் இன்னும் போகவில்லை, மழை பெய்தால் சாக்கடை கூட அந்தக் கலரில்தான் ஓடுகிறது. நம் நாய் பொறிக்கு ஒரு கண் மங்கிவிட்டது, ஆனாலும் உன் பழைய செருப்பின் மேல்தான் படுக்கிறது. மரக்குயா பழக்கொடி சுவரைத் தாண்டி வால்திர் பக்கம் போய்விட்டது, அந்தப் பக்கம் காய்ப்பதெல்லாம் தன்னுடையது என்கிறார், நானும் சரி என்றுவிட்டேன், இந்த வயசில் பழத்துக்கெல்லாம் சண்டை போட முடியாது. சலூனில் காலையிலிருந்து நின்றே வேலை என்று எழுதியிருந்தாய். காலை உயரத் தூக்கிவைத்துக் கொஞ்ச நேரமாவது படு, உன் அம்மாவுக்கும் மத்தி மீன் டப்பா ஆலையில் நின்று நின்றுதான் கால் நரம்பெல்லாம் சுருண்டது.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்குத்தான் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். அம்மாவின் வருஷப் பூசைக்கு வராததற்குக் காரணம் எழுதியிருந்தாய், அம்மா உயிரோடு இருந்தபோது பேசாத நான் அவள் படத்துக்கு முன்னால் வந்து நின்று என்ன பேசப்போகிறேன் என்று. அதற்குக் கீழே ஒரே வரி, அந்தப் பையை எரித்துவிட்டீர்களா அப்பா என்று. எரிக்கவில்லை. எங்கே போயிற்று என்று சொல்கிறேன், ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும், அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து படி.

தையல் ஊசி தேடப் போய் அலமாரிக்கு மேலிருந்த பையை நீ இறக்கிய நாளில் நான் வீட்டில் இல்லை. சிவப்பு சாட்டின் பாவாடை, கறுப்பு லேஸ், அத்தர் பாட்டில், சிகரெட் செருகும் நீளக் குழல், சிவப்பும் கறுப்பும் கோத்த பாசிமணி. மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல், அல்கான்டராவில் படுத்த படுக்கையாக இருக்கிற ஒரு அம்மாளைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பும் உன் அம்மா, அந்தப் பையோடுதான் போகிறாள் என்று உனக்குத் தெரிந்துபோயிற்று. நீ கத்தினாய், அவள் உன் கையிலிருந்து பாவாடையை வாங்கி மடித்து வைத்தாள். அன்று சாயங்காலம் கப்பல் பட்டறையிலிருந்து நான் வந்ததும் அம்மாவுக்கு வேறு ஆள் இருக்கிறான் என்று என்னிடம் சொன்னாய், நான் வாயை மூடு என்றேன். அவளுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாய். அப்படி இல்லை சுவேலி. நீ சொன்னதை அந்த நிமிஷமே நம்பிவிட்டேன். நம்பியது வெளியே தெரியக்கூடாது என்றுதான் உன் வாயை மூடினேன். அடுத்த வருஷம் நீ லிஸ்பனுக்குப் போனாய், அதற்கு முன்பே நான் குறட்டையைச் சாக்காக வைத்துப் பின்னறைக்குப் போயிருந்தேன். அவள் சாகிறவரை ஐந்து வருஷம் அங்கேதான் படுத்தேன். ஒரே ஒரு நாள்கூட, லிண்டால்வா, அது என்ன பை என்று நான் கேட்கவில்லை. அவளும் மூன்று வேளையும் சோறு போட்டாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், சில மாதம் நின்றுவிட்டு மறுபடியும் சனிக்கிழமை போனாள், வந்தாள். ரொட்டிக் கடை வரிசையில் நின்றபடியே அவள் நெஞ்சு நின்றுபோனபோது கூட என் முதல் நினைப்பு, அந்த ஆளுக்கு யார் சொல்லுவார்கள் என்பதுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

அவள் போன பிறகு பையைத் தூக்கிப் போடவும் மனசில்லை, எரிக்கவும் கை வரவில்லை, கொட்டகையில் வெல்டிங் சாமான்களுக்கு அடியில் வைத்தேன். சனிக்கிழமை மூன்று நாலு மணிக்கு வீட்டுக்குள் அந்த அத்தர் வாசனை வரும். கொட்டகையிலிருந்து காற்றில் வருகிறது என்று ஜன்னலைச் சாத்துவேன், சாத்திய அறைக்குள்ளும் இருக்கும். மதியத் தூக்கத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது, வளைகுடா முழுக்கப் பனி, படகுத் துறையில் உன் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், கூப்பிட வாயைத் திறக்கிறேன், அவள் பெயர் எனக்கு மறந்துபோகிறது. எழுந்து உட்கார்ந்தால் பெயர் ஞாபகம் வந்துவிடும், ஆனால் கூப்பிட ஆள் இருக்காது.

ஜூன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை வாசலில் யாரோ கை தட்டினார்கள். போய்ப் பார்த்தால் நயீர். உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தவள், முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து, உனக்கு மட்டும் இரண்டு கரண்டி பீன்ஸ் அதிகம் போடுவாள் என்று சொல்வாயே. வருஷம் கழியட்டும் என்று காத்திருந்தாளாம், லிண்டால்வாவின் சிவப்புப் பாவாடையை வாங்கிப்போக வந்திருக்கிறேன் என்றாள். ஆறு வருஷமாக அடக்கிவைத்தது பொங்கிக்கொண்டு வந்துவிட்டது, யார் அந்த ஆள், நீதான் அவர்களுக்கு வீடு கொடுத்தாயா என்று கேட்டேன். அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "ஆளா? அண்ணே, அது ஆம்பளைக்காகக் கட்டுன பாவாடை இல்ல. துறைமுகத்து மரியாவுக்குக் கட்டுனது. பதினெட்டு வருஷமா உங்க வீட்டம்மா மேல எறங்குனவ" என்றாள்.

அல்கான்டராவில் நயீர் வீட்டுக் கொல்லையில், ஆவிகள் ஆள் மேல் இறங்கிக் குறி சொல்லுகிற உம்பாண்டா கூடம் நடக்கிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். நம் லிண்டால்வா அங்கே பொம்பஜீரா என்கிற பெண் ஆவி இறங்கி ஆடியிருக்கிறாள் என்கிறாள். முதலில் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, ஆள் யாரும் இல்லை. அடுத்த மூச்சிலேயே பயம். தெருமுனையில் மண்சட்டியில் மரவள்ளி மாவும் சாராயமும் படைத்திருப்பதைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடு என்று சொல்லி வளர்த்த பிள்ளை நான். இது பிசாசு வேலை, என் வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிக் கம்பிக் கதவைச் சாத்தினேன். அவள் போகவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னாள். "பிசாசுன்னு யாருண்ணே சொன்னா? கடைக்காரன் செலைக்குக் கொம்பு வச்சு விக்கிறான்னா அதுக்கு மரியா என்ன பண்ணுவா? அவளுக்குக் கொம்பெல்லாம் கெடயாது. மோசமான புருஷன்தான் இருந்தான், படகுத் துறையில கொண்டாந்து தள்ளிட்டுப் போனான். செத்த பெறகும் அவளுக்கு மத்த பொம்பளைங்க கண்ணீருதான் தெரியுது." முதல் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடம் திறந்திருக்கும், பாவாடையைக் கொண்டுவருவதும் வராததும் என் இஷ்டம் என்று சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போனாள். அந்த வாரம் முழுக்க யோசித்தேன். என் பெண்டாட்டிக்கு இன்னொரு ஆள் இருந்ததைவிட ஒரு பிசாசு இருந்தது மேல் என்று என் மனசு சந்தோஷப்பட்டது, அதை நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை போனேன். இரண்டு பஸ் மாறிப் போனேன், மடியில் பை. நசநசவென்று தூறல், ஜன்னலுக்கு வெளியே எல்லாம் கரைந்து ஓடுகிற மாதிரி இருந்தது, எந்த நிறுத்தம் என்று யாரிடமும் கேட்காமலே சரியான இடத்தில் இறங்கினேன், எப்படி என்று இன்றைக்கும் தெரியாது, மேளச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். வாசல் பக்கத்தில் ஆள் முட்டி உயரத்துக்கு ஒரு சிவப்புக் குடில், உள்ளே மெழுகுவர்த்தி. கொல்லையில் ஒரு பெரிய பலாமரம், அதன் கீழே தகரம் போட்ட கூடம். அன்றைக்குத் தெருவையும் வாசலையும் காக்கிற எஷூக்களும் பொம்பஜீராக்களும் இறங்குகிற நாள். பெஞ்சில் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். புகை, சாராயம், ஈரமண், பலாப்பழம், எல்லா வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தது, விழித்துக்கொண்டு இருக்கிறேனா வீட்டில் மதியத் தூக்கத்தில் இருக்கிறேனா என்று இரண்டு மூன்று தடவை கையைக் கிள்ளிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் பையை முகர்ந்துபார்த்துவிட்டு, இது துறைமுகத்தம்மா அத்தர் ஆச்சே என்றாள். பெயர் கிரெவுசா, லாண்டரியில் வேலை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போன புருஷனைக் கட்டி இழுத்துக்கொண்டு வரச் சொல்லி மரியாவைக் கேட்க வந்தாளாம். "அவனக் கட்டிவச்சு என்ன பண்ணப்போற, மறுபடியும் சோறு போடவா" என்று மரியா இடுப்பில் கைவைத்து அப்படிச் சிரித்தாளாம். சிரித்துக்கொண்டே இவள் மார்பில் கையை வைத்தவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாளாம். அடுத்த தடவை வரும்போது எனக்கு ரோஜாப்பூ வேண்டாம், டாக்டர் எழுதின சீட்டைக் கொண்டுவா, இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்றாளாம். கட்டி இருந்திருக்கிறது, எடுத்துவிட்டார்கள், இன்றைக்கும் உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்கிறாள். என் வீட்டில் உப்புப் போதுமா என்று கேட்பதைத் தவிர வேறு பேசாத உன் அம்மாவா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லையே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். சந்தையில் இறால் விற்கிற அமாவுரி உனக்குத் தெரியும், ஒரு கிலோ என்று சொல்வதற்குள் நாலு தடவை திக்குவான். அவன் மேல் பூட்டுக்காரர் என்கிற எஷூ இறங்கியிருந்தார். கறுப்புத் தொப்பி, சுருட்டு, குரல் கனமாக, திக்கல் ஒரு எழுத்தில்கூட இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "வா பங்காளி. ஒன் பின்னறைக் கதவுக்குப் பூட்டு உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பூட்டே இல்லாத கதவுக்குப் பின்னால அஞ்சு வருஷம் மாட்டிக்கிட்டு இருந்திருக்க. நான் பூட்டுக்காரன், எனக்கே அந்த வித்த தெரியாதே" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சுருட்டைக் கையில் உருட்டினார். "சொல்லத்தான் நெனச்சா. மரியாவும் மூணு தடவ சொல்லு சொல்லுன்னா. ஒன் பொண்டாட்டி பயந்தது ஒன் கைக்கு இல்ல பங்காளி, ஒன் மொகத்துக்கு" என்றார்.

எந்த முகம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உனக்கு நாலு வயசு, ஜுரம் இறங்கவில்லை, லிண்டால்வா யாரோ ஒரு பெண்ணைக் கூட்டிவந்து அருவதா இலையால் உன்னை மந்திரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்தேன், இலையைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டேன், உன் அம்மாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தேன், பாத்திரத்தில் புழு நெளிவதைக் கண்டவன் மாதிரி. அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின ஒரு முகச் சுளிப்பு. அமாவுரிக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பாய். அவள் நயீரிடம் சொல்லியிருக்கலாம், அது இவன் காதில் விழுந்திருக்கலாம். நான் வெல்டர், இரண்டு தகடு சேர்ந்திருந்தால் எங்கே பற்றவைத்திருக்கிறது என்று தடவிப் பார்க்கிற புத்தி எனக்கு. அன்றைக்கு நான் தடவிப் பார்க்கவில்லை. கடைசியாக, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கு என்ன சொல்ல என்று கேட்டேன். "நான் வாசல்ல நிக்கிறவன், ஒன் வீட்டுக்குள்ள எல்லாம் வரமாட்டேன். ஒனக்கு எழுதத் தெரியுமில்ல?" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

எல்லாம் முடிந்து மேளத்தைத் துணி போட்டு மூடிய பிறகு நயீர் காப்பியும் சோளமாவு கேக்கும் கொடுத்தாள். அமாவுரி முகம் கழுவிக்கொண்டு வந்து என்னைப் பார்த்து, ந..ந..நல்லா இருக்கீங்களா அண்ணே என்று கூச்சத்தோடு கேட்டான், ஒன்றும் ஞாபகம் இல்லாதவன் போல. மீதியை நயீர்தான் சொன்னாள், நீ கத்திய பிறகு உன் அம்மா ஏழு மாதம் கூடத்துக்குப் போகவில்லையாம். நீ விமானம் ஏறிய பிறகுதான் திரும்ப வந்தாளாம். மகள் மேல் கோபமா என்று நயீர் கேட்டதற்கு, "கோபமா? ஊரே என்னப் பாத்தா பிசாசுங்கும். எம்பொண்ணு எனக்குக் காதலன் இருக்கான்னு நெனச்சிருக்கா. அம்பது வயசுல அந்த மரியாதையாவது கெடச்சுதேடி" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாளாம். சிரித்து முடித்துவிட்டு அழுதிருக்கிறாள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மரியாவையும் தப்பாகத்தான் நினைக்கிறார்கள், என்னையும் தப்பாகத்தான் நினைக்கிறார்கள், ஒருத்திக்கொருத்தி துணையாக இருந்துவிட்டுப் போகிறோம் என்றாளாம். உண்மையைச் சொல்லி உனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறாள் நயீர். அம்மாதான், எழுதினால் நீ வெட்கப்படுவாய், வெட்கத்தோடு அந்நிய ஊரில் தனியாக இருப்பாய், வேண்டாம் என்றுவிட்டாளாம். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ வெட்கப்படக் கூடாது. உனக்கு அப்போது இருபத்திநாலு வயசு, பையைத் திறந்தாய், கண்ணில் பட்டதைச் சொன்னாய். அவளோடு ஒரே வீட்டில் இருந்தவன் நான்.

பாவாடை விஷயம். ஆடினவர் போன பிறகு அவரோடு இருந்த அந்த உயிரின் துணியை வீட்டில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாதாம், வழியனுப்ப வேண்டுமாம். மறுநாள் ஞாயிறு காலை பெட்ரீன்யாஸ் கரைக்குப் போனோம், நயீர், கிரெவுசா, நான். உன்னிடம் கேட்காமல் செய்துவிட்டேன், அதற்கு மன்னித்துவிடு, உன் கடிதம் அதற்கு அப்புறம்தான் வந்தது. பனி விழுந்து பாலம் பாதியில் காணாமல் போயிருந்தது, அந்தப் பக்கம் ரியோ என்று ஒரு ஊர் இருப்பதே தெரியவில்லை. நயீர் மெல்லிய குரலில் ஏதோ பாடினாள். லேஸ், குழல், அத்தர் எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டாள், பாசிமணியை அறுத்து விட்டாள். பாவாடையை என் கையில் கொடுத்தாள், நான் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு முட்டி வரைக்கும் இறங்கினேன், தண்ணீர் சில்லென்று இல்லை, யாரோ இப்போதுதான் குளித்துவிட்டுப் போன தொட்டி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. விட்டதும் அது முழுசாக விரிந்தது, எத்தனை கெஜம் துணி அதில், அப்போதுதான் பார்த்தேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பனிக்குள் போயிற்று. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பெயர் மறக்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் கனவு வரவில்லை, வாசனையும் வரவில்லை, வராதது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு சேதி. போன மாதக் கடைசியில் நயீர் வேலைக்குப் போயிருந்த நேரம் யாரோ வந்து கூடத்து வாசல் கதவை உதைத்துப் பெயர்த்துவிட்டார்கள், சிவப்புக் குடிலையும் அடித்து நொறுக்கியிருக்கிறார்கள், சுவரில் சாத்தான் என்று கரியால் எழுதியிருக்கிறார்கள். நயீர் அழவில்லை, துடைப்பத்தை எடுத்து ஓட்டுச் சில்லுகளைக் கூட்டினாள். நான் வீட்டுக்கு வந்து வெல்டிங் சாமான்களை எடுத்தேன். மூன்று நாள் அந்த வாசலில் உட்கார்ந்து நல்ல கனத் தகட்டில் ஒரு இரும்புக் கதவு செய்து மாட்டியிருக்கிறேன், கப்பலுக்குப் போடுகிற மாதிரி பற்றவைப்பு, யானை வந்து முட்டினாலும் அசையாது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நான் கதவு வேலை பார்த்தேன், அவ்வளவுதான். இரண்டாம் நாள் வால்திர் மனைவி ஈவெட்டி அந்தப் பக்கமாக வந்தாள். அம்மா போனதிலிருந்து வாரம் ஒரு நாள் எனக்குச் சூப் கொண்டுவந்து தருகிறவள். வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு வணக்கம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், சுவரில் எழுதியதைப் பார்த்தாள், சிலுவைக் குறி போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள். அந்த வாரம் சூப் வரவில்லை, இந்த வாரமும் வரவில்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் தகட்டு மேல் உட்கார்ந்தபடியே நினைத்துப் பார்த்தேன், இரண்டு நாளுக்கே எனக்கு இப்படி இருக்கிறதே, உன் அம்மா பதினெட்டு வருஷம், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த மாதிரி முகங்களுக்கு நடுவில் நடந்து போய், யார் யாருக்கோ நல்லது சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினால் அங்கே என் முகம்.

இவ்வளவுதான் சேதி. கடிதத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு உடனே தொலைபேசிக்கு ஓடாதே, ஃபோனில் எனக்கு அழத் தெரியாது. நிதானமாக எழுது. என் மேல் கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, ஆறு வருஷத்துக் கோபத்தையும் சேர்த்தே எழுது, அத்தனையையும் படிக்கிறேன், என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வர முடிந்தால் வா, அம்மா கட்டிலில் நீ படுத்துக்கொள், பின்னறைக் கதவைக் கழற்றிவிட்டேன். கால் நரம்புக்கு இறுக்கமான காலுறை போட மறக்காதே. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், புனித ஜார்ஜ் குதிரையோடு உனக்கு முன்னால் போகட்டும், தெருவில் நிற்கிறவர்கள் அந்த ஊர்த் தெருவிலும் உனக்குக் காவல் நிற்கட்டும்.

லிண்டால்வாவை நாற்பது வருஷம் தெரிந்துகொள்ளாமல் போய், இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டிருக்கிற,

உன் அப்பா
அபெலார்டோ